இறுவட்டுப் போரும் தீவகத்து நினைவேடுகளும்

வரலாறு என்பது மன்னர் முடிசூடியதையும் படை நடத்தியதையும் கூறுவது மட்டும் அன்று. மக்கள் தம் நினைவுகளை எப்பொருள்களிற் பதிந்து வைத்தனர், அப்பொருள்கள் ஒன்றையொன்று எவ்வாறு வென்றன, வென்றவை எத்துணைக் காலம் நிலைத்தன என்பனவும் வரலாற்றின்பாற் பட்டனவே. ஓலையைத் தாள் வென்றது. இசைத்தட்டை ஒலிநாடா வென்றது. நாடாவை இறுவட்டு வென்றது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இரு வகை இறுவட்டுக்கள் தம்முட் பொருதன. அப்போரிலே சிறுவர் விளையாடும் பொறிகள் படைக்கலங்களாயின. அப்போரின் வரலாற்றை நோக்கி, அது நமக்கு உணர்த்தும் உண்மை யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானியப் பெருவணிகர் தம்முட் பொருததற்கும் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் தொடர்பு யாது என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. இலங்கையில் ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்பத்தாண்டிலே, பேச்சு வழக்கில் ‘டெக்’ எனப்பட்ட ஒளிநாடாக் கருவியும் நம்மூர்களுக்கு வந்து சேர்ந்தது. 1983 ஆம் ஆண்டின் பின்னரும், 1990 இல் தீவகம் போர்க்களமாகி மக்கள் இடம்பெயர்ந்த பின்னரும், தீவக மக்களுட் பெருந்தொகையினர் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குப் பிரிந்து சென்றனர். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயிற்றிருவிழா, இறுதிக் கிரியை ஆகியவற்றுக்கு வர இயலாத உறவினருக்கு அவற்றைக் காட்டியது ஒளிநாடாவே. பேரன் முகத்தைப் பாட்டி முதன்முதற் கண்டதும் அதிலேதான். ஆகவே, எந்த நாடா எந்தக் கருவியில் ஓடும் என்னும் வினா, நம்மவர்க்கு வணிகரின் வினாவாக மட்டும் இருக்கவில்லை.

அவ்வினா எளியதும் அன்று. இலங்கையும் இங்கிலாந்தும் சுவிற்சர்லாந்தும் கைக்கொண்ட தொலைக்காட்சி முறை ‘பால்’ எனப்படுவது. அது ஒரு படத்தை 625 வரிகளாகப் பகுத்து, நொடிக்கு 25 படங்களைக் காட்டுவது. கனடாவின் முறையோ ‘என்.ரி.எஸ்.சி.’, அதில் வரிகள் 525, படங்கள் ஏறத்தாழ 30. பிரான்சு ‘சேகாம்’ என்னும் மூன்றாவது முறையைக் கொண்டது. வேலணையிற் பதிந்த நாடாவை ரொறன்ரோவில் உள்ள சாதாரணக் கருவியிலே காண இயலாது. முறை மாற்றிப் பிரதிசெய்தல் வேண்டும். பின்னர் வந்த டி.வி.டி. இறுவட்டிலும், விற்பனைக்கு வரும் திரைப்படங்களுக்கு உலகம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கனடா முதலாம் வலயம், மேற்கு ஐரோப்பா இரண்டாம் வலயம், இலங்கை ஐந்தாம் வலயம். ஒரு குடும்பத்து மூன்று உடன்பிறப்புக்கள் மூன்று வலயத்தினராயினர்.

இனி, இறுவட்டுப் போருக்கு முன்னோடியாய் அமைந்த நாடாப் போரைச் சுருக்கமாக நோக்குவாம். சோனி நிறுவனம் 1975 இல் ‘பீற்றாமாக்ஸ்’ நாடாவையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976 இல் ‘வீ.எச்.எஸ்.’ நாடாவையும் வெளியிட்டன. முன்னதன் படம் தெளிவிற் சிறந்தது எனப் பலர் கூறினர். ஆயினும், தொடக்கத்தில் அது ஒரு மணி நேரமே ஓடியது. பின்னது இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு திரைப்படத்தை முழுமையாகக் கொள்ள வல்ல நாடாவையே மக்கள் விரும்பினர். அன்றியும், ஜே.வி.சி. தன் நுட்பத்தைப் பிற நிறுவனங்கள் பலவற்றுக்கும் வழங்கியமையால் அக்கருவிகள் பல பெயர்களில் மலிந்தன. 1988 இல் சோனியே வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்ய முற்பட்டது.

இத்தோல்வி கற்பித்த பாடத்தினால் 1995 இல் ஒரு நன்மை விளைந்தது. சோனியும் பிலிப்சும் ஒரு வகை இறுவட்டையும், தொசிபாவும் அதன் கூட்டாளிகளும் வேறொரு வகையையும் வகுத்திருந்தன. இரண்டையும் ஏற்கமாட்டோம், ஒன்றையே தருக எனக் கணினி நிறுவனங்கள் வற்புறுத்தவே, இரு சாராரும் இணங்கினர். அவ்விணக்கத்தின் பயனே 4.7 கிகாபைற்றுக் கொள்ளளவுடைய டி.வி.டி. ஆகும். 1996 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அது, போட்டியின்றி உலகெங்கும் பரவியது.

பத்தாண்டு கழியுமுன் அப்பாடம் மறக்கப்பட்டது. காரணம் நீல ஒளியாகும். இறுவட்டில் உள்ள நுண்குழிகளை லேசர்க் கதிர் வருடிப் படிக்கின்றது. கதிரின் அலைநீளம் குறையக் குறைய, மேலும் நுண்ணிய குழிகளைப் படித்தல் கூடும். சீ.டி. வட்டின் கதிர் 780 நனோமீற்றர்; டி.வி.டி.யின் கதிர் 650. நீலவூதாக் கதிரோ 405. நீல ஒளியைத் தரும் குறைகடத்தியை ஆக்குதல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. யப்பானின் சிக்கொக்குத் தீவில் உள்ள நிச்சியா என்னும் நிறுவனத்திற் பணியாற்றிய சூஜி நக்கமுரா 1990 களில் அதனை வெற்றியாக்கினார். நீல ஒளி உமிழிக்காக அவரும் அக்கசாக்கி, அமானோ என்னும் அறிஞர் இருவரும் 2014 இல் நோபல் பரிசு பெற்றனர். பெருநகர் எதிலும் அன்றி, ஒரு தீவின் சிற்றூரில் இருந்து இவ்வாய்வு வெளிவந்தமை தீவகத்து மாணவர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

நீலக் கதிரைக் கொண்டு இரு வகை வட்டுக்கள் எழுந்தன. 2002 பெப்ரவரியில் சோனி முதலிய ஒன்பது நிறுவனங்கள் ‘புளூ-ரே’ வட்டை அறிவித்தன. தொசிபாவின் சாரார் ‘எச்.டி. டி.வி.டி.’ வட்டை முன்வைத்தனர். புளூ-ரே வட்டிலே பதிவுப் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில் உள்ளது. அதனால் ஓர் அடுக்கு 25 கிகாபைற்றுக் கொள்ளும். ஆனால் அதற்குப் புதிய ஆலைகள் வேண்டும். எச்.டி. டி.வி.டி.யில் அப்படலம் பழைய டி.வி.டி.யிற்போல 0.6 மில்லிமீற்றர் ஆழத்தது. ஓர் அடுக்கு 15 கிகாபைற்றே கொள்ளும். ஆனால் இருந்த ஆலைகளைச் சிறிது மாற்றியே அதனைச் செய்யலாம். ஒன்று கொள்ளளவில் மிக்கது. மற்றது செலவிற் குறைந்தது. 2005 இல் நிகழ்ந்த சமரசப் பேச்சு முறிந்தது.

2006 மார்ச்சு 31 இல் தொசிபாவின் கருவி யப்பானில் வெளிவந்தது. ஏப்பிரிலில் அமெரிக்காவில் அதன் விலை 499 டொலர். யூனில் வந்த சாம்சங்கின் முதற் புளூ-ரே கருவியின் விலையோ ஏறத்தாழ 1000 டொலர். விலையை மட்டும் நோக்கின் தொசிபாவே வெல்லவேண்டும். ஈண்டுத்தான் விளையாட்டுப் பொறிகள் களம் புகுந்தன. அவ்வாண்டு நவம்பரில் சோனி வெளியிட்ட ‘பிளேஸ்ரேசன் 3’ என்னும் பொறி, புளூ-ரே படிப்பானைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அதன் விலை 499, 599 டொலர் என இரு நிலைகளில் அமைந்தது. அடக்க விலையினும் குறைத்து விற்றமையாற் சோனிக்குப் பெருநட்டம் நேர்ந்தது. எனினும் விளையாட்டுக்கென அப்பொறியை வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும், கேளாமலே ஒரு புளூ-ரே கருவி குடிபுகுந்தது. எதிரணியில் நின்ற மைக்குரோசொப்ற், 2005 இல் வெளிவந்த தன் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ பொறிக்கு எச்.டி. டி.வி.டி. படிப்பானை 199 டொலருக்குத் தனியே விற்றது. தனியே விற்பதை வேண்டுவோர் மட்டுமே வாங்குவர்; உடன் வருவது எல்லோர் வீட்டையும் அடையும்.

அடுத்து, வட்டில் எதைக் காண்பது என்னும் வினா எழுந்தது. யுனிவேர்சல் நிறுவனம் தொசிபாவின் பக்கம் நின்றது. 2007 ஓகஸ்டில் பரமவுண்டும் அப்பக்கமே சேர்ந்தது. இரு வகையிலும் வெளியிட்டுவந்த வோணர் நிறுவனம், 2008 சனவரி 4 இல், இனிப் புளூ-ரே ஒன்றையே வெளியிடுவதாக அறிவித்தது. தராசு அன்றே சாய்ந்தது. பெப்ரவரியில் வோல்மார்ட் முதலிய பெருங்கடைகளும் அவ்வழியே சென்றன. 2008 பெப்ரவரி 19 இல் தொசிபா தன் வட்டைக் கைவிட்டது. மறுவாண்டே புளூ-ரே சங்கத்தில் தானும் சேர விண்ணப்பித்தது.

உலகம் இவ்விரண்டில் எது வெல்லும் என வாதித்த காலத்தை யாழ்ப்பாணத்தார் வேறுவகையில் நினைவு கொள்வர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009 வரை அது திறக்கப்படவில்லை. அரிசியும் மாவும் கடல்வழியே வரவேண்டியிருந்தன. நம்மவரிற் பெரும்பாலோர் அப்போரை அறியாமலே அது முடிந்தது.

இனி, வென்றவர் பெற்றது யாது? விளையாட்டுப் பொறிகளுள் அக்காலத்தில் மிகுதியாக விற்றது நின்ரெண்டோவின் ‘வீ’ ஆகும். பத்துக் கோடிக்கு மேல் விற்ற அதற்கு நீலக் கதிரும் இல்லை, உயர்தெளிவுப் படமும் இல்லை. பிற இரண்டும் தனித்தனியே பத்துக் கோடியை எட்டவில்லை. மேலும், 2007 இலேயே நெற்பிளிக்ஸ் இணையவழித் திரைப்படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டது. வட்டுக்கள் தம்முட் பொருதுகொண்டிருக்க, வட்டே வேண்டாத வழி ஒன்று பிறந்துவிட்டது. 2016 இல் ஒளிநாடாக் கருவிகளின் இறுதி உற்பத்தியும் நின்றது. பதிவு செய்யத்தகும் புளூ-ரே வட்டுக்களின் உற்பத்தியைச் சோனியே 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. தோற்றது முன்னே மாண்டது, வென்றது பின்னே தளர்ந்தது, வேறுபாடு அவ்வளவே.

இதனால் நாம் அறியவேண்டுவது, சிறந்த பொருளைத் தேர்ந்து அதில் நினைவைப் பதிந்துவிட்டால் அது நிலைக்கும் என்பது மயக்கம் என்பதே. நினைவைக் காப்பது பொருள் அன்று. காலந்தோறும் பிரதி செய்யும் கை. இவ்வுண்மையைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர். செல்லரிக்குமுன் ஓலையைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய மரபே சங்கநூல்களை நம்மிடம் சேர்த்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றியது அம்மரபின் தொடர்ச்சியே. பிரதி இல்லாதவற்றுக்கு நேர்வது யாதென்பதை, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலக அழிவு காட்டியது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் பணியும் இத்தகைய அழிவுக்கு எதிரான காப்பே.

அச்சுநூல்களுக்குக் காவலர் தோன்றிவிட்டனர். தீவகத்து வீடுகளிற் கிடக்கும் ஒளிநாடாக்களுக்குக் காவலர் யார்? உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அவை பூஞ்சணம் பிடிக்கின்றன. ஓட்டிப் பார்க்கும் கருவிகள் ஆண்டுதோறும் அருகுகின்றன. இடம்பெயருமுன் இருந்த வீடுகள், கிணற்றடிகள், பனந்தோப்புக்கள், கோயில் வீதிகள், மறைந்த பெரியோரின் குரலும் நடையும், நெடுந்தீவாரின் பேச்சுநயம் ஆகியவற்றுக்குச் சான்று பகர்வன அவையே. வருங்கால வரலாற்றாசிரியனுக்கு அவை செப்பேடுகளை ஒப்பன.

ஆதலின், இக்கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் தத்தம் இல்லத்து நாடாக்களையும் இறுவட்டுக்களையும் தேடி எடுத்தல் வேண்டும். இயங்கும் கருவி கிடைக்கும்போதே எண்ணிம வடிவிற் பெயர்த்தல் வேண்டும். பிரதிகளை இரண்டு மூன்று இடங்களிலேனும் வைத்தல் வேண்டும். படத்தில் உள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும், அறிந்த மூத்தோர் உள்ளபோதே கேட்டு எழுதுதல் வேண்டும். பத்தாண்டு கழிந்தபின் அப்பிரதிகளையும் மீளப் பெயர்த்தல் வேண்டும். அன்று ஏடெழுதுவோர் ஆற்றிய கடனும் இதுவே.