விஜயபாலன் (மாத்தளை இளவரசர்)

விஜயபாலன் 17ஆம் நூற்றாண்டில் மாத்தளையை ஆண்ட கண்டி இளவரசர். கண்டி மன்னர் செனரத் (ஆட்சி 1604–1635) தம் நாட்டை மூன்று இளவரசர்களுக்குப் பங்கிட்டபோது மாத்தளை இவர் பங்காயிற்று. தாய் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் அவரை டோனா கத்தரினா என்றனர். தந்தை செனரத்தா, அவருக்கு முன் ஆண்ட முதலாம் விமலதர்மசூரியனா என்பதில் ஏடுகள் ஒன்றுபடுவதில்லை.

பங்கீடு நடந்த விதத்தைச் சூளவம்சம் என்னும் வரலாற்று நூல் சொல்கிறது. நாட்டுப் பகுதிகளின் பெயர்களை ஏடுகளில் எழுதி, புத்தரின் புனித தந்தத்தின் அருகே வைத்து, இளவரசர்களை எடுக்கச் செய்தார் மன்னர். ஊவா குமாரசிங்கனுக்கு விழுந்தது, மாத்தளை விஜயபாலனுக்கு. கண்டியைச் சூழ்ந்த மேல்நாடு இராஜசிங்கனுக்குச் சேர்ந்தது. தந்தத்தின் முன் விழுந்த சீட்டை எவரும் குறைகூற முடியாது. ஆனால் தலைநகரும் தந்தமும் ஒருவரிடமே தங்கின. அதனால் நிலம் மூன்றானாலும் அரசுரிமை மூன்றாகவில்லை. பின்னர் எழுந்த பூசலின் வேர் இதுவே எனலாம்.

மாத்தளை சிறு பங்கு அல்ல. கண்டியிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்கு இறங்கும் பாதை அதனூடாகவே செல்கிறது.

1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதி தியோகு டி மெலோவின் படை அழிந்தபோது விஜயபாலன் இராஜசிங்கனுக்குத் துணைநின்றார். அதற்கு முன்பே குமாரசிங்கன் இறந்து, ஊவா இராஜசிங்கனின் கைக்குப் போயிருந்தது. இறந்தவரின் பங்கு யாருக்கு என்பதைச் சீட்டு சொல்லவில்லை. பிணக்கு போராக முற்றியது. தோற்ற விஜயபாலன் 1640களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கோவாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வாழ்வை முடித்தார். இவரைப் பற்றிய போர்த்துக்கேய ஆவணங்களைத் தொகுத்து பி. இ. பீரிஸ் வெளியிட்ட நூல் 1634 முதல் 1654 வரையான ஆண்டுகளைத் தழுவுகிறது. அடைக்கலம் புகுந்தவரைத் துரோகி என்று மட்டும் எழுதிவிடுவது நியாயமில்லை. தமக்கு விழுந்த பங்கைக் காக்க வேறு துணை அவருக்கு இருக்கவில்லை.

வாரிசுகளிடையே நிலத்தைப் பங்கிடுவதால் எழும் இதே சிக்கலை ஐரோப்பாவின் பிரித்தானி (Brittany) பகுதியில் 1185ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் தீர்க்க முயன்றார் பிரபு ஜெஃப்ரி: பெருநிலக்கிழார்களின் நிலம் பிரிக்கப்படாமல் மூத்த மகனுக்கே சேர வேண்டும், இளையவர்களை அவர் பேண வேண்டும். கண்டியின் குடியானவர்களோ வயல் துண்டாகாதிருக்கச் சகோதரர்கள் ஒரே மனைவியோடு கூடிவாழும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். பிரித்தானிய ஆட்சி 1859இல் அதைத் தடைசெய்தது.

விஜயபாலனுக்குப் பின் மாத்தளை, மன்னர் நியமித்த திசாவைகளின் (மாகாண ஆளுநர்களின்) கீழ் வந்தது. 1815இல் பிரித்தானியரிடம் வீழும்வரை கண்டி இராச்சியம் வாரிசுகளிடையே மறுபடி பிரிக்கப்படவில்லை.