பெட்டியின் பூட்டும் வெண்பாவின் இட்லியும்

2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. கணினிக்கு மட்டும் இல்லை. நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் என்று எல்லாக் கன்சோல்களிலும் அதே நாளில் வந்தது. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை அது. ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியையோ புட்டையோ ஒழுங்காகச் செய்து முடிப்பதுதான் ஆட்டம்.

நம்ம ஆட்கள் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். புலம்பெயர்வு, தாய்மொழி, அம்மா கைச்சமையல் என்று எல்லாவற்றையும் தொட்டார்கள். எனக்குள் ஓடியது வேறு கேள்வி. டொரொண்டோவில் 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்த ஒரு தமிழ்க் குடும்பக் கதை அந்தப் பெட்டிகளுக்குள்ளே எப்படிப் போச்சு? கன்சோல் என்பது கணினி மாதிரி திறந்த வீடு கிடையாது. அதற்குப் பூட்டு உண்டு, சாவியும் ஒருத்தர் கையில்தான் இருக்கும். இந்தப் பூட்டுக்கு நாற்பது வருட வரலாறு உண்டு. பட்டர்வொர்த்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த வரலாறு நம் வாசலையும் தொட்டுவிட்டுப் போகிறது.

முதலில் பூட்டே இருக்கவில்லை. 1977இல் வந்த அட்டாரி 2600க்கு யார் வேண்டுமானாலும் கேம் எழுதலாம் என்று அட்டாரி நினைத்திருக்கவில்லை, ஆனால் அதைத் தடுக்கவும் அதனிடம் வழி இல்லை. 1979இல் அட்டாரியிலிருந்து விலகிய நிரலாளர்கள் சேர்ந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். தாங்கள் எழுதிய கேமில் தங்கள் பெயர் வர வேண்டும், உழைப்புக்கு ஏற்ற பங்கு வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோபம். கன்சோல் செய்யாத ஒரு நிறுவனம் கன்சோலுக்குக் கேம் செய்யலாம் என்ற வழக்கமே அங்கேதான் பிறந்தது. பின்னாலேயே ஆளாளுக்குக் கிளம்பி வந்தார்கள். குப்பையான கேம்கள் கடைகளில் குவிந்தன. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. விற்காத காட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014இல் அதைத் திரும்பத் தோண்டியும் பார்த்தார்கள்.

அந்தச் சரிவிலிருந்து நிண்டெண்டோ ஒரு பாடம் எடுத்துக்கொண்டது: கதவைத் திறந்து வைத்தால் வீடு நாசமாகும். 1985இல் அமெரிக்காவுக்கு வந்த என்.இ.எஸ். பெட்டிக்குள்ளே 10என்.இ.எஸ். என்ற பூட்டுச் சிப் இருந்தது. காட்ரிட்ஜில் அதற்கு இணையான சிப் இல்லையென்றால் கேம் ஓடாது. இணைச் சிப் வேண்டுமானால் நிண்டெண்டோவிடம்தான் போக வேண்டும். போனால் நிபந்தனைகள் காத்திருக்கும். வருஷத்துக்கு ஐந்து கேம்தான். இரண்டு வருஷத்துக்கு அதே கேமை வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. காட்ரிட்ஜை நிண்டெண்டோவே தயாரிக்கும், காசை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கொனாமி போன்ற பெரிய நிறுவனமே ஐந்து என்ற எண்ணிக்கையைத் தாண்டுவதற்காக 'அல்ட்ரா' என்று இன்னொரு பெயரைப் பதிந்துகொண்டது. வீட்டில் உட்கார்ந்து கேம் எழுதும் தனி ஆளுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

நம்ம பக்கத்துக் கதை வேற. ஜப்பானில் விற்ற ஃபாமிகாம் பெட்டியில் அந்தப் பூட்டுச் சிப் இல்லை. அதைப் பார்த்துத் தைவானில் செய்த நகல்தான் மைக்ரோ ஜீனியஸ். 90களில் மலேசியாவில் வளர்ந்த பலருக்கு முதல் கன்சோல் அதுதான். காட்ரிட்ஜ் என்று நாங்கள் சொன்னதில்லை, 'கேசட்டு'தான். ஒரே கேசட்டில் நூறு கேம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கேமே பெயர் மாறி மாறி வரும். அடுத்து வந்த பிளேஸ்டேஷனுக்குச் சிப் போட்டுக் கொடுத்தார்கள், இரவுச் சந்தையில் நகல் சிடி கிடைத்தது. சியாட்டிலிலும் கியோத்தோவிலும் வக்கீல்கள் காத்த பூட்டு பட்டர்வொர்த்தில் பூட்டாகவே இல்லை.

இதை நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. நகல் நமக்கு ஆடுவதற்கான கதவைத் திறந்துவிட்டது, செய்வதற்கான கதவை இல்லை. நாம் வாங்கியது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் இல்லாத ஊரை எந்த நிறுவனமும் சந்தையாகப் பார்க்காது. நிண்டெண்டோவின் இணையக் கடை நெடுங்காலம் மலேசியாவுக்கென்று வரவில்லை. வேறு நாட்டுக் கணக்கைத் திறந்துதான் இங்கே கேம் வாங்கினோம்.

இன்னொரு முரணும் இருக்கிறது. பாயான் லெபாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972இல் திறந்தபோது வந்த முதல் தொழிற்சாலைகளில் இன்டெலும் ஏஎம்டியும் அடக்கம். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் மூளை இன்டெல் சிப். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் ஏஎம்டி சிப். இந்தப் பெயர்கள் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதில்லை. அக்காமார்களும் அத்தைமார்களும் ஃபேக்டரி பஸ் ஏறி ஷிஃப்ட் வேலைக்குப் போன இடங்கள் அவை. பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்பதோடு நமக்கு ஐம்பது வருஷப் பழக்கம் உண்டு. பெட்டியின் திரையில் என்ன ஓட வேண்டும் என்பதில்தான் நமக்குப் பேச்சே இல்லாமல் இருந்தது.

பூட்டு ஒரே நாளில் திறக்கவில்லை. 1997இல் சோனி 'நெட் யாரோசே' என்ற கறுப்பு நிறப் பிளேஸ்டேஷனைத் தனி ஆட்களுக்கு விற்றது. அதில் கேம் எழுதலாம், ஆனால் கடையில் விற்க முடியாது. நல்லதாக இருந்தால் பத்திரிகையோடு வரும் இலவசத் தட்டில் சேர்ப்பார்கள். 2008இல் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் எக்ஸ்பாக்ஸ் 360க்குக் கேம் எழுதி விற்கலாம், சக நிரலாளர்களே பரிசோதித்து அனுமதிப்பார்கள் என்றது. அதே ஆண்டு நிண்டெண்டோவின் வீவேர் கடையில் இரண்டு பேர் சேர்ந்து செய்த 'வேர்ல்ட் ஆஃப் கூ' வந்தது. ஆனால் நிண்டெண்டோவின் விண்ணப்பத்தில் அப்போதும் ஒரு விதி இருந்தது: வீட்டை அலுவலகமாகக் காட்டக் கூடாது. கருவியை ரகசியமாக வைக்கத் தனி இடம் வேண்டுமாம். அடுக்குமாடி வீட்டு மேசையில் வேலை செய்பவர்களை வெளியே நிறுத்த இதைவிட நாசூக்கான வழி கிடையாது.

உள்ளே போனவர்களும் நிம்மதியாக இல்லை. 'ஃபெஸ்' கேமைச் செய்த ஃபில் ஃபிஷ் 2012இல் ஒரு பிழையைத் திருத்த முடியாமல் நின்றார். எக்ஸ்பாக்ஸில் திருத்தத்தை மறுபடி சோதனைக்கு அனுப்பவே பல்லாயிரம் டாலர் ஆகும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2013தான் திருப்பம். கணினியில் ஸ்டீம், கையில் ஐபோன் என்று சின்னக் குழுக்களுக்கு வேறு வாசல்கள் கிடைத்துவிட்டன, நல்ல கேம்கள் அங்கே போய்க்கொண்டிருந்தன. சோனி தனிக் குழுக்களைத் தேடிப் போய் அழைத்தது. மைக்ரோசாஃப்ட் 'ஐடி அட் எக்ஸ்பாக்ஸ்' திட்டத்தை அறிவித்து, சேர்ந்தவர்களுக்கு இரண்டு மேம்பாட்டுக் கருவிகளை இலவசமாகத் தந்தது. நிண்டெண்டோவும் வீட்டு அலுவலக விதியைக் கைவிட்டது. பூட்டைத் திறக்க வைத்தது போட்டிதான், பெருந்தன்மை என்று தலைப்புப் போட வேண்டியதில்லை.

இன்றைக்கு வழி என்ன? ஒரு நிறுவனத்தைப் பதிந்துகொண்டு, மூன்று நிறுவனங்களின் மேம்பாட்டாளர் தளத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். கேமின் முன்மாதிரியைப் பார்ப்பார்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் ஆவணமும் கருவியும் கிடைக்கும். அந்த ரகசியத்தால்தான் கோடோ போன்ற திறந்த மூல இயந்திரம் தன் பொதுப் பதிப்பில் கன்சோல் நிரலைச் சேர்க்க முடிவதில்லை. அதற்கு வெளியில் ஒரு நிறுவனத்தைப் பிடித்துக் காசு கொடுக்க வேண்டும். அடுத்தது சான்றிதழ்ச் சோதனை. ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலர் துண்டானால் கேம் நின்று காத்திருக்கிறதா, பெட்டி தூங்கி எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, பொத்தானின் பெயரும் படமும் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்புவார்கள். கேம் நன்றாக இருக்கிறதா என்பது அந்தச் சோதனையில் கேள்வியே இல்லை. இதற்கெல்லாம் நேரமோ ஆளோ இல்லாத குழுக்கள் ஒரு வெளியீட்டாளரைப் பிடிக்கின்றன. அவர் வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்வார்.

மலேசியாவில் இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி 15' கேமின் முதன்மை வடிவமைப்பாளராக ஜப்பானில் இருந்த வான் ஹஸ்மர் நாடு திரும்பி, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஓவியரான டாயிம் ஸியாவுடினோடு சேர்ந்து கோலாலம்பூரில் மெட்ரோனோமிக்கைத் தொடங்கினார். அவர்களுடைய 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' 2020 ஆகஸ்டில் கன்சோல்களில் வந்தது. 2022 ஆகஸ்டில் பேஷன் ரிபப்ளிக் குழுவின் 'கிகாபேஷ்' பிளேஸ்டேஷனில் வந்தது. இந்தோனேசியாவின் 'காஃபி டாக்' அதற்கு முன்பே, 2020 ஜனவரியிலேயே உள்ளே போய்விட்டது. தீபகற்பத்தின் இந்த முனையிலிருந்து பார்த்தால் இவர்கள் யாரும் தொலைவில் இல்லை.

அதனால்தான் வெண்பாவை நான் கொண்டாட்டமாக மட்டும் பார்ப்பதில்லை. 2024இல் சுயாதீன கேம் விழாவின் தலைமை விருதையும் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதையும் அது வென்றது. வெளியான அன்றே மாதச் சந்தாவில் ஆடும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸிலும் இருந்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்னக் கேம் அது. இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதையே ஒரு புதிராக வைத்தார்கள். அட்டாரிக்கால விற்பனையாளரிடமோ என்.இ.எஸ். காலத்து அனுமதி அதிகாரியிடமோ இதைக் கொண்டுபோயிருந்தால் சிரித்திருப்பார்கள். பூட்டு தளர்ந்ததால்தான் இப்படிப்பட்ட ஒன்று உயிரோடு வெளியே வந்தது.

ஆனால் சாவி இன்னும் அவர்களிடம்தான். 99 டாலர் கட்டி எழுதிய கேம்களின் எக்ஸ்பாக்ஸ் கடை 2017இல் மூடப்பட்டது. வீவேர் கேம்களை விற்ற கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே மட்டுமே இருந்த பல கேம்களை இன்று காசு கொடுத்தும் வாங்க முடியாது. நம் சிறுபத்திரிகை மரபு தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பத்திரிகை நின்றாலும் பழைய பிரதி யாராவது ஒருவர் பரணில் கிடக்கும். கன்சோல் கேமுக்கு அந்தப் பரண் இல்லை. ஆகவே கேம் செய்யப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டிக்குள் போங்கள், ஆனால் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். கணினிப் பதிப்பு ஒன்றையும் மூல நிரலையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

கதைக்குப் பஞ்சமில்லை. ரப்பர்த் தோட்டம், ஃபேக்டரி பஸ், ஃபெர்ரி, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து விடிகாலையில் இட்லி ஊற்றும் ஒரு அம்மா. டொரொண்டோச் சமையலறைக்குக் கிடைத்த இடம் பட்டர்வொர்த் சமையலறைக்கும் கிடைக்க இன்று எந்த விதியும் தடையாக இல்லை. இனி வேண்டியது அதை உட்கார்ந்து செய்து முடிக்கும் ஆள்தான்.