குழலைத் தனியே விட்டால் துவக்கின் குறி தப்பாதா?

துவக்கு என்ற சொல்லே நம் ஊர்களில் பலருக்கு இன்னும் நெஞ்சைப் பிசைகிற சொல். ஆனாலும் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில் பெரும்போக வேளாண்மை குடலைக்கு வரும்போது இரவுக் காவலும் தொடங்கிவிடும். பன்றியும் யானையும் வரும் வயலில், உரிமம் பெற்ற பயிர்க்காவல் துவக்கு சிலரிடம் இருக்கிறது.

வேட்டைத் துவக்கு பற்றிய இணையக் காணொளிகளில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும். குழல் மரக்கட்டையில் படாமல் இடைவெளி விட்டால் குறி தப்பாது என்பதுதான் அது. இதை 'ஃப்ரீ ஃப்ளோட்டிங்' என்பார்கள். இது உண்மையா? நம் வயலுக்கு இதனால் பயன் உண்டா?

இடைவெளி என்ன செய்கிறது?

றைபிள் வெடிக்கும்போது அதன் இரும்புக் குழல் தட்டிய கம்பிபோல அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் படும். மரக்கட்டை குழலில் ஒரு பக்கமாக அழுத்தினால் அந்த ஒழுங்கு கெடும்.

மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், வெயிலில் சுருங்கும். வாடைக்காற்று மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் கட்டை ஊதிக் குழலைத் தள்ளினால், போன மாதம் சரியாக இருந்த குறி இந்த மாதம் விலகியிருக்கும். அடுத்தடுத்துச் சுடும்போது குழல் சூடேறி விரிவதும் இதே கோளாறைத் தரும். இடைவெளி விடுவது இந்த இரண்டையும் குறைக்கிறது. கட்டைக்கும் குழலுக்கும் இடையே ஒரு தாள் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதே இதற்கான வழக்கமான சோதனை.

ஆனால் இது எல்லாத் துவக்குக்கும் பொருந்தும் மருந்தல்ல. துவக்கின் நடு உடல் கட்டையில் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் இடைவெளியால் பயனில்லை. மெல்லிய குழல் சில, நுனிப்பக்கம் சிறிது தாங்கல் கொடுத்தால்தான் நன்றாகச் சுடும்.

303 தரும் உதாரணம்

நம் மக்களுக்குப் பெயரளவில் நன்கு தெரிந்த றைபிள் 303, அதாவது லீ என்ஃபீல்ட். பழைய பொலிசாரின் கையில் இருந்தது அதுதான். அதன் குழலை நுனிவரை மரம் மூடியிருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால நான்காம் இலக்க றைபிளில், முன்கட்டை குழலின் நுனியை அளவோடு மேல்நோக்கித் தாங்கும்படியே அமைத்தார்கள். 1970இல் பிரித்தானியப் படை அதே றைபிளை எல்42 என்ற குறிசுடும் துவக்காக மாற்றியபோது, தடித்த குழலைப் போட்டு, முன்கட்டையைக் குறுக்கி, குழலைத் தனியே விட்டது. ஒரே குடும்பத்துத் துவக்கில் இரண்டு வழிகளும் கையாளப்பட்டிருக்கின்றன.

வயல் துவக்கு வேறு

பயிர்க்காவலுக்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் சொட்கன். 12 போர் சொட்கனின் குழல் உட்புறம் வழவழப்பானது, ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர் அகலம். ஒற்றைக் குழல் மடக்குத் துவக்கில் முன்கட்டை குழலிலேயே மாட்டப்பட்டிருக்கும். அதைத் தனியே விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குழல்வாய் குறுக்கப்படாத சொட்கனின் சன்னங்கள் 40 மீற்றரில் ஒரு மீற்றருக்கும் கூடுதலான அகலத்துக்குப் பரவிவிடும்.

றைபிளே இருந்தாலும் கணக்குப் பார்ப்போம். 100 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் சுடும் றைபிள், குழலைத் தனியே விட்டபின் 3 சென்ரிமீற்றருக்குள் சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மீற்றரில் அந்த முன்னேற்றம் 12 மில்லிமீற்றர். ஒரு விரல் அகலம்கூட இல்லை. இருட்டில், ரோர்ச் வெளிச்சத்தில், ஓடும் பன்றிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

யானைக்கு இது இன்னும் பொருந்தாது. சன்னம் பெரும்பாலும் யானையை உடனே கொல்வதில்லை. தோலுக்குள் தங்கிச் சீழ்பிடித்து வாரக்கணக்கில் வதைக்கும். காயப்பட்ட யானை அடுத்த இரவு யாரைக் கண்டாலும் துரத்தும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தார்கள். யானையைச் சுடுவது 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

குறிபார்க்க ஆளில்லாத துவக்கு

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது கட்டுத்துவக்கு. பன்றிக்கென்று கம்பி கட்டி வைத்தாலும், கம்பியில் படும் கால் யாருடையது என்று அதற்குத் தெரியாது. விறகுக்குப் போனவரும் மாடு தேடிப் போனவரும் அதில் சிக்கிக் கால் இழந்திருக்கிறார்கள், உயிரும் இழந்திருக்கிறார்கள். போரில் புதைத்த கண்ணிவெடிகளுக்குப் பயந்து நடந்த நிலத்தில், நம் கையாலேயே இன்னொரு கண்ணியை வைக்கலாமா?

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அனுமதி பெற்றவரும் கவனிக்க வேண்டியது குழலின் இடைவெளியை அல்ல. எதிரே அசைவது எது என்று தெளிவாகத் தெரிகிறதா? அதன் பின்னால் பக்கத்து வயல்காரரின் வாடி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது. யானை என்றால் துவக்கை எடுக்காமல் வனவிலங்கு அலுவலகத்துக்கு அறிவித்து, யானைவெடியும் வெளிச்சமுமாகக் கூட்டாகக் காவல் இருப்பதே நல்லது.