இரண்டாவது ‘ஆர்’

2001 ஒக்டோபர் 25இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கல்முனை போன்ற ஊர்களின் கொம்பியூட்டர் கடைகளுக்கு நெடுங்காலம் வேலை கொடுத்தது. திடீரென்று கரண்ட் போனால் சிலவேளை கோப்புகள் பழுதாகும். பிறகு கறுப்புத் திரையில் ‘என்டிஎல்டிஆர்’ என்ற தொடக்கக் கோப்பைக் காணவில்லை என்ற வரி மட்டும் நிற்கும்.

ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிப்பது அவசரக்காரர் வழி. விஷயம் தெரிந்தவர் நிறுவல் சீடியைப் போட்டு, முதல் திரையிலேயே ‘ஆர்’ விசையை அழுத்துவார். மீட்புக் கொன்சோல் திறக்கும். சீடியின் ஐ386 கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பைப் பிரதி செய்தால் பெரும்பாலும் போதும்.

முதல் திரையைத் தாண்டிப் போய், பழைய விண்டோஸ் பட்டியலில் தெரிந்த பின் ‘ஆர்’ அழுத்தினால் கதையே வேறு. சிஸ்டம் கோப்புகள் புதிதாகும். கல்யாணப் படங்களும் கடைக்கணக்கும் வழக்கமாகத் தப்பும். போட்ட அப்டேட்டுகள்தான் போய்விடும்!

2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவின் டிவிடி, தொடக்கப் பழுதைத் தானே தேடித் திருத்தியது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது.