விழைவும் காவலும்: இரு பக்தி மரபுகளில் காமத்தின் இடம்

இறைவனைக் காதலனாகக் காணும் இலக்கியங்களை ஆராய்வோர் பெரும்பாலும் இரு முடிவுகளில் ஒன்றையே அடைகின்றனர். அங்கு வரும் காமம் வெறும் உருவகம், உட்பொருள் தத்துவமே என்பது ஒன்று. அடக்கப்பட்ட பாலுணர்வே பக்தியாக வடிவெடுக்கிறது என்பது மற்றொன்று. உளவியலாளர் ஜேம்ஸ் லூபா 1925இல் வெளியிட்ட நூலில் கிறித்தவ மறைஞானியரை இந்த இரண்டாம் நோக்கிலேயே ஆராய்ந்தார். இவ்விரு விளக்கங்களும் ஒரு சான்றைக் கருத்தில் கொள்ளவில்லை. இத்தகைய நூல்களை யார், எந்த நிலையில், எச்சூழலில் அணுகலாம் என்று கிறித்தவ, தமிழ் வைணவ மரபுகள் தாமே ஓர் ஒழுங்கு வகுத்திருக்கின்றன. உருவகம் மட்டுமே என்றால் இந்தக் காவல் தேவையில்லை. அடக்கப்பட்ட உணர்வின் கசிவு மட்டுமே என்றால் காவலோடு சேர்த்துப் போற்றியிருக்க மாட்டார்கள். விழைவை ஆன்மிகப் பயிற்சியின் கருவியாகவே இம்மரபுகள் கையாண்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

விவிலியத்தின் காதல் நூலான இனிமைமிகு பாடலுக்கு 3ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஓரிஜன், உடலின் கிளர்ச்சிகளிலிருந்து விடுபடாதவர் அதைப் படிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று முன்னுரையிலேயே எச்சரித்தார். ஆனால் அவர் அந்நூலை விலக்கவில்லை. நீதிமொழிகள், சபை உரையாளர் ஆகியவற்றுக்குப் பின் கற்க வேண்டிய உச்சமாக வைத்தார். கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்டு 1135இல் தொடங்கி 1153இல் மறையும்வரை அந்நூலுக்கு 86 சொற்பொழிவுகள் இயற்றியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டினார். அவருடைய சிஸ்டர்சிய சபை சிறுவர்களை மடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. வயது வந்தபின் துறவு பூண்ட அச்சபையினரில் பலர் உலகியல் காதலையும் அதன் இலக்கியத்தையும் அறிந்திருந்தனர் என்று ஆய்வாளர் ழான் லெக்லெர்க் 1979இல் எடுத்துக்காட்டினார். இது முக்கியமான செய்தி. விழைவை அறிந்தவரிடமே அதன் திசையை மாற்றச் சொல்ல முடியும்.

தமிழ் வைணவத்தில் அந்த முன்னறிவை அகத்திணை மரபு தந்தது. திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் 27இல் நம்மாழ்வார் தலைவியாகவோ தாயாகவோ தோழியாகவோ பேசுகிறார். ஞானநிலையில் ஆழ்வார் தம் குரலிலும் பிரேமநிலையில் பெண்குரலிலும் பேசுவதாக ஆசார்ய ஹிருதயம் என்னும் வைணவ நூல் வகுக்கிறது. ஆகவே உரைமரபைப் பொறுத்தவரை பெண்குரல் அணியன்று, சாதனையில் எய்தும் ஒரு நிலை.

இரு மரபிலும் பிரிவே ஆசான். வார்த்தையானவராகிய கிறிஸ்து தம்மிடம் வருவதையும் நீங்குவதையும் பெர்னார்டு தம் 74ஆம் சொற்பொழிவில் விவரிக்கிறார். நீங்கியதன் வேதனையே வருகையை உணர்த்துகிறது. ஆழ்வாரின் விரகமும் அவ்வாறே மனத்தை ஒன்றிலேயே நிறுத்துகிறது. துய்த்துத் தணியாத விழைவு இங்கே கவனத்தைப் பழக்குகிறது.

ஒழுக்கம் பற்றிய அச்சமே இக்காவலுக்குக் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். அச்சம் மட்டுமே என்றால் இந்நூல்கள் மறைநூல் வரிசையில் இடம்பெற்றிருக்க மாட்டா. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் உள்ள 143 பாசுரங்களுக்கும் பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதினார். ஆயினும் அச்சத்துக்கும் பங்குண்டு. அதன் சுமை பெண்குரல் மீதே அதிகம் விழுந்தது. ஆண்டாளுக்குப் பெண்குரல் இயல்பானது என்பதால் அவள் காதல் ஆழ்வார்களுடையதைவிட மேம்பட்டது என்று அவளுடைய திருப்பாவைக்கான உரையில் பெரியவாச்சான் பிள்ளையே வாதிடுகிறார். நடைமுறையிலோ மார்கழி முழுதும் திருப்பாவை ஒலிக்கிறது; திருமணங்களில் வாரணமாயிரம் ஓதப்படுகிறது. தன் மார்பைப் பறித்துக் கண்ணன்மேல் எறிவேன் என்று அவள் சீறும் 13ஆம் பதிகத்துக்கு அத்தகைய பொது இடம் அமையவில்லை. நோன்பும் திருமணமும் சமூகத்துக்கு இசைந்தவை. நிறைவேறாத விழைவின் சினம் அவ்வாறு இசையவில்லை.

ஒரு மரபு காமத்தை ஏற்றதா மறுத்ததா என்னும் கேள்வி போதாது. அதைப் பேசும் உரிமை யாருக்கு, கேட்கும் தகுதி யாருக்கு என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் நாச்சியார் திருமொழியின் 13ஆம் பதிகம் பக்தியின் விளிம்பில் நிற்கும் விதிவிலக்காகத் தோன்றாது. பிரிவு என்னும் பயிற்சியை எல்லைவரை கொண்டு சென்ற உச்சமாகவே அதை நாம் கற்க வேண்டும்.