மணிமங்கலத்துத் தண்ணீரும் மெட்ராஸ் ஆளியும்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளைத் தாண்டி மணிமங்கலம் பக்கம் போனால் மலைப்பட்டு ஏரி. அடையாறு புறப்படுவது இந்தப் பகுதியில்தான். வழியில் செம்பரம்பாக்கத்தின் உபரிநீரும் சேர்ந்துகொள்ள, நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, பட்டினப்பாக்கம் அருகே கடலில் கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இப்படிப்பட்ட முகத்துவாரம்தான் ஆளி என்னும் சிப்பிக்கு வீடு. 1916-இல் பிரெஸ்டன் என்ற ஆய்வாளர் இந்தச் சிப்பிக்கு 'மெட்ராசென்சிஸ்' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்தார்.

ஆளிக் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு அலையும். கடைசியில் அதற்கு ஒரு கண்புள்ளியும் குட்டிக் காலும் முளைக்கும். அந்தக் காலால் பாறை, பாலத்தூண், செத்த ஆளியின் ஓடு என்று தடவிப் பார்க்கும். இடம் பிடித்துவிட்டால் இடது ஓட்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும். அத்தோடு அதன் பயணம் முடிந்தது. இனித் தண்ணீர்தான் அதைத் தேடி வரவேண்டும். மழைக்காலத்தில் முகத்துவாரம் நன்னீரானால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும்.

வந்த தண்ணீரே அதன் ருசி. கோடையில் உப்பு தூக்கலாக இருக்கும். மழைக்குப் பின் சப்பென்றாகும். முட்டையிடுமுன் சதை கொழுத்துத் தித்திக்கும், இட்டபின் நீர்த்துப்போகும். ஐரோப்பாவின் தட்டைச் சிப்பியில் செம்பு வாடை உண்டு என்பார்கள். ஜப்பானிலிருந்து உலகெங்கும் பரவிய பசிபிக் சிப்பியில் வெள்ளரி மணம். நம் ஆளியும் அவற்றோடு ஒரே தட்டில் வைக்கத் தகுந்ததுதான்.

ஹார்னெல் என்ற ஆங்கிலேய அதிகாரி நூறாண்டுக்கு முன்பே பழவேற்காட்டில் ஆளி வளர்க்க முயன்றார். எழுபதுகளில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் காலி ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு வளர்த்துக் காட்டியது. இன்று கேரளத்தில் பெண்கள் குழுக்கள் இதே இனத்தை வளர்த்து விற்கின்றன.

சென்னையில் மட்டும் முடியவில்லை. ஆளி நீரை வடிகட்டித் தின்பது. நகரத்துச் சாக்கடையின் கிருமியையும் ஆலைக்கழிவின் உலோகத்தையும் சதையிலேயே சேர்த்துவைக்கும். ஆகவே அடையாற்று ஆளி எங்கு கிடைத்தாலும் இன்று சாப்பிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளும் அவற்றைக் கண்காணிக்கும் அதிகாரிகளும் கழிவுநீரை வாசலில் சோதிப்பதோடு நிறுத்தாமல், ஆண்டுக்கொருமுறை முகத்துவாரத்து ஆளியின் சதையையும் சோதித்து முடிவை ஊரறிய வெளியிட வேண்டும்.