குணமா, குற்றமா? மோட்டார் சைக்கிள் அதிர்வின் வரலாறு



சென்ற வசந்த காலத்தில் நண்பர் ஒருவரின் மகன் என் வீட்டுக் கராஜ் வாசலுக்கு ஒரு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். குரூஸர் என்று சொல்லப்படும் வகை. தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டி வைக்கும் கால், அகன்ற ஹாண்டில், நடுவில் இரண்டு பெரிய சிலிண்டர்கள். 1990களில் செய்யப்பட்ட அந்தப் பழைய வண்டியைத் தன் சொந்த உழைப்பில் வாங்கியிருந்தான்.

“அங்கிள், நூறுக்கு மேல போனா ரெண்டு கையும் விறைக்குது. வளைவில பின்பக்கம் ஆடுற மாதிரியும் கிடக்கு” என்றான்.

ஏற்கனவே இரண்டு இடத்தில் கேட்டுவிட்டான். கூட ஓடுகிற நண்பர்கள், “இந்த வண்டியெல்லாம் அப்படித்தான், அது அதின்ர குணம்” என்றார்களாம். ஒரு கராஜில், எஞ்சினைக் கழற்றிக் கிராங் தண்டைப் பார்க்கவேண்டும் என்று, வண்டி வாங்கிய விலைக்குக் கிட்டவாக ஒரு தொகை சொன்னார்களாம். ஒருவர் குணம் என்கிறார், மற்றவர் குற்றம் என்கிறார். ஆனால் இருவருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதை நான் கேட்டேன்.

“தம்பி, இது எந்த வருசத்து வண்டி?”

வருடத்தை ஏன் கேட்டேன் என்று சொல்வதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதையைச் சொல்லவேண்டும். அதுதான் இம்மாதப் பேச்சு.

எஞ்சினுக்குள் பிஸ்ரன் மேலே போகிறது, ஒரு கணம் நிற்கிறது, கீழே வருகிறது, மீண்டும் நிற்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் இது ஒரு செக்கனில் 50 தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் உடம்பு எதிர்ப்பக்கம் உதைபடுகிறது. சுற்று வேகம் இரண்டு மடங்கானால் உதை நான்கு மடங்காகும்.

இதற்கு மருந்து எதிர்ப்பாரம். நமது ஊர்க் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். பட்டையின் பாரத்தை ஈடுசெய்யத் துலாவின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டுவார்கள். கிராங் தண்டிலும் அப்படியொரு பாரம் உண்டு. ஆனால் துலா மேலும் கீழும் மட்டும் ஆடுவது, கிராங்கோ வட்டமாகச் சுற்றுவது. பிஸ்ரனின் முழு எடைக்கும் ஈடாகப் பாரம் வைத்தால் மேல் கீழ் ஆட்டம் நின்று, அதே ஆட்டம் முன்னும் பின்னுமாக வந்துவிடும். ஆகவே ஏறக்குறையப் பாதிக்கு மட்டும் ஈடுசெய்து, மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வதே பழைய வழக்கம். அதிர்வு எஞ்சினோடு கூடப் பிறந்தது என்று சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1903இல் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் கொம்பனி, 1909இல் தன் முதலாவது இரட்டைச் சிலிண்டர் வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர்களும் 45 பாகைக் கோணத்தில், ஆங்கில வீ எழுத்துப் போல நின்றன. ஒடுங்கிய அந்தக் கோணம், சைக்கிள் சட்டம் போன்ற அக்காலச் சட்டத்துக்குள் அடங்கியது. இரண்டு பிஸ்ரன்களின் தண்டுகளும் கிராங்கில் ஒரே முளையைப் பிடித்திருந்தன. இதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 315 பாகை, பிறகு 405 பாகை என்று சமனில்லாத இடைவெளி வரும். அந்த நொண்டித் தாளம்தான் உலகம் அறிந்த ஹார்லிச் சத்தம். 90 பாகைக் கோணத்தில் நிற்கும் சிலிண்டர்களில் முதல்நிலை அதிர்வை எதிர்ப்பாரத்தாலேயே முற்றாக அடக்கலாம். 45 பாகையில் அது முடியாது. அந்த வண்டிகளின் சத்தமும் அதிர்வும் ஒரே அமைப்பிலிருந்து வந்தவை.

அதிர்வை அடக்கும் வித்தை அக்காலத்தில் தெரியாமல் இருக்கவில்லை. பிரித்தானியப் பொறியியலாளர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர், 1868இல் பிறந்து 1946இல் மறைந்தவர். 1890களின் நடுப்பகுதியில் தான் செய்த முதற்காரிலேயே ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரண்டு கிராங்குகளை வைத்து அதிர்வைக் குறைத்தார். பின்னர், எதிர்த்திசையில் சுற்றும் சமனிலைத் தண்டுகள் என்ற எண்ணத்தையும் உலகுக்குத் தந்தார். ஆனால் மேலதிகத் தண்டு என்றால் மேலதிக எடை, மேலதிகச் செலவு. மோட்டார் சைக்கிள் உலகம் பல பத்தாண்டுகள் அதைத் தள்ளியே வைத்தது.

இங்கிலாந்தில் 1937இல் ட்ரயம்ப் கொம்பனி 500 சீசீ ஸ்பீட் ட்வின் வண்டியை விட்டது. இரண்டு பிஸ்ரன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும் அமைப்பு அது. 500இல் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சந்தை பெரிய எஞ்சின் கேட்டது. 650 ஆகி, பின்னர் 750 ஆனபோது அதிர்வும் வளர்ந்தது. 1967இல் நோர்ட்டன் கொம்பனி ஒரு புது வழி கண்டது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் கை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, றப்பர் தாங்கிகளுக்கு ஊடாகச் சட்டத்தில் பூட்டினார்கள். அதுதான் கொமாண்டோ. எஞ்சின் தன்பாட்டில் ஆடும், ஓட்டுபவருக்கு அது தெரியாது.

ஆனால் அந்த மருந்துக்கும் ஒரு விலை இருந்தது. தாங்கியின் பக்க இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்கவேண்டும். இறுகினால் அதிர்வு திரும்பி வரும். தளர்ந்தால் பின்சக்கரமே சட்டத்துக்கு நேராக நில்லாமல் ஆடும். இந்த இரண்டாவது வசனத்தை நேயர்கள் நினைவில் வைத்திருங்கள்.

1969இல் ஹொண்டாவின் நான்கு சிலிண்டர் சீபி 750 வந்து மிருதுவான ஓட்டத்தைக் காட்டியது. 1972இல் யமஹா தன் டீஎக்ஸ் 750 வண்டியில் சமனிலைப் பாரங்களைப் பொருத்தியது. அவை உயர் வேகத்தில் எண்ணெயைக் கடைந்து நுரைக்க வைக்க, பெயரிங்குகள் பழுதடைந்தன. வண்டி விரைவில் நின்றுபோனாலும் எண்ணம் நிற்கவில்லை. சில வருடங்களில் சமனிலைத் தண்டு யப்பானிய வண்டிகளில் சாதாரணமாயிற்று.

ஹார்லி 1980இல் டூர் கிளைட் வண்டியில் றப்பர் தாங்கி முறைக்கு வந்தது. 1984இல் வந்த சொஃப்ட்டெயில் எஞ்சினை நேரடியாகச் சட்டத்தில் பூட்டியது. ஆகவே உதை முழுவதும் ஓட்டுபவருக்கே. 2000ஆம் ஆண்டு அதே சொஃப்ட்டெயிலுக்கு இரண்டு சமனிலைத் தண்டுகள் வந்தன. ஸ்போர்ட்ஸ்டர் 2004 வரை றப்பருக்குக் காத்திருந்தது. 2017ஆம் ஆண்டு வண்டிகளுக்கு வந்த புதிய எஞ்சினில், நின்றபடி ஓடும்போது முதல்நிலை அதிர்வில் 75 வீதத்தை மட்டும் அடக்கினார்கள். மிச்சம் வேண்டுமென்றே விடப்பட்டது.

வேண்டுமென்று யார் அதிர்வை விடுவார்கள் என்று கேட்பீர்கள். ஹொண்டா 1983இல் ஷடோ குரூஸர்களில் கிராங்கின் முளையை இரண்டாகப் பிரித்து, கோணம் விலக்கி, அதிர்வை அழகாக அடக்கியது. பிறகு 1995இல், பெரிய ஷடோ ஒன்றில் பழையபடி ஒற்றை முளைக்குத் திரும்பியது. வாங்குபவர்களுக்கு அந்தத் தாளமும் துடிப்பும் வேண்டியிருந்தன. ஹார்லி 1994இல் தன் சத்தத்தையே வணிகச் சின்னமாகப் பதியக் கேட்டு, 2000இல் அந்த விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா கொம்பனியின் புல்லட், தன் ஒற்றைச் சிலிண்டர்த் துடிப்பாலேயே பேரெடுத்தது. அதே வழியில் வந்த மீற்றியோர் 350 குரூஸருக்கு 2020இல் சமனிலைத் தண்டு பொருத்தப்பட்டது.

இப்போது என் கேள்வி விளங்கும் என்று நினைக்கிறேன். நேரடியாகப் பூட்டிய 1985ஆம் ஆண்டு எஞ்சின் ஹாண்டிலை நடுங்க வைத்தால் அது குணம். றப்பர் தாங்கியுள்ள எஞ்சின், நின்றபடி ஓடும்போது குலுங்கி, வேகம் கூடியதும் அமைதியானால் அதுவும் குணம். ஆனால் அதே வண்டி வேகத்தில் கையை விறைக்க வைத்தால் அது குற்றம். சமனிலைத் தண்டுள்ள வண்டி திடீரென்று நடுங்கினாலும் குற்றம்தான். அதைக் கழற்றியவர் தண்டைக் குறி தவறிப் பூட்டினால், தண்டே இல்லாத எஞ்சினை விட மோசமாக நடுங்கும்.

நான் எஞ்சினைக் கேட்கப் பழகியது யாழ்ப்பாணத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். சில துளி பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். சூடேறினால் எஞ்சின் தட்டும், பிளக் கரி பிடித்து ஒரு வெடிப்பு விடுபடும். அந்த நடுக்கத்தைக் காலால் உணர்ந்தே வீடு போய்ச் சேர்வோமா என்று கணக்குப் போட்டோம். அங்கே கற்ற பாடம் இது. அதிர்வு வரும் இடங்கள் மூன்று: எரிவது, சுற்றுவது, பிடித்திருப்பது.

தம்பியின் வண்டியை அந்த வரிசையில்தான் பார்த்தோம். முதலில் எரிவது. ஆறிய எஞ்சினைத் தொடக்கிச் சற்று நேரத்தில் இரண்டு புகைக்குழாய்களிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விட்டோம். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் அதன் குழாயில் துளி பொரியாது. இரண்டும் பொரிந்தன.

அடுத்தது சுற்றுவது. ஆளில்லாத நேர் வீதியில், நடுக்கம் வரும் வேகத்தில் கிளச்சைப் பிடித்து எஞ்சினைத் தணியவிடச் சொன்னேன். வேகம் அப்படியே இருக்க நடுக்கம் தொடர்ந்தால் ரயர், சக்கரம் பக்கம் பார்க்கவேண்டும். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நின்ற ரயர் ஒருபக்கம் தட்டையாகிவிடுவது இந்த நாட்டில் வழமை. இவன் வண்டியில் நடுக்கம் உடனே நின்றது. ஆகவே அது எஞ்சினோடு சேர்ந்தது.

மூன்றாவது பிடித்திருப்பது. இவனுடையது றப்பர் தாங்கி வண்டி. ரோர்ச் லைட்டை அடித்துப் பார்த்தால், முன் தாங்கியின் றப்பர் வெடித்து, உலோகம் உலோகத்தில் இருந்தது. எஞ்சினைப் பக்கவாட்டில் பிடிக்கும் சிறு இணைப்பின் நட்டும் தளர்ந்திருந்தது. நோர்ட்டன் கதையில் நினைவில் வைக்கச் சொன்ன வசனம் இதுதான். இவனது வண்டியிலும் பின்சக்கரத்தின் கை எஞ்சின் தொகுதியோடுதான் பூட்டப்பட்டிருந்தது. றப்பர் போனால் கை விறைப்பது மட்டுமல்ல, பெருந்தெருவில் பின்சக்கரம் தன் வழியில் போகும். “அது அதின்ர குணம்” என்று நம்பி ஒரு கோடை முழுவதும் ஓடியிருந்தால், அந்தத் தாய் தகப்பனுக்கு எந்தச் செய்தி வந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

புதுத் தாங்கி, இறுக்கிய நட்டு, பின்னேரம் ஒன்றின் வேலை. எஞ்சினைத் திறக்கவே இல்லை.

கை விறைப்பதையும் சிறிதாக எண்ணவேண்டாம். 1918இல் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்டன், இந்தியானா மாநிலத்தில் காற்றுச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழப்பதை ஆராய்ந்து எழுதினார். அதிர்வும் குளிரும் சேர்ந்தால் நரம்பும் இரத்தக் குழாயும் பாதிக்கப்படும். தொழிற்சாலையில் அதிரும் கருவி பிடித்து வேலை செய்யும் நம்மவர் பலருக்கும் இது பொருந்தும். விரல் வெளுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கைத்தொலைபேசிக்கும் இது கூடாது. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் அப்பிள் கொம்பனி எச்சரித்தது.

பிள்ளைகள் பழைய வண்டி ஒன்றோடு வந்து நின்றால் உடனே ஏசவும் வேண்டாம், “அப்படித்தான்” என்று விடவும் வேண்டாம். எந்த வருசம் என்று கேளுங்கள். அந்த வருடத்தில் அதன் அதிர்வை எப்படி அடக்கினார்கள் என்று தேடச் சொல்லுங்கள். றப்பரால் அடக்கியிருந்தால் முதலில் றப்பரைப் பாருங்கள். நேற்று இல்லாத நடுக்கம் இன்று இருந்தால், அது குணம் அல்ல.

தம்பி போன கிழமை வந்து போனான். கை விறைக்கவில்லையாம்.